நின்றால் கொதிக்கும் கார்

ஜாகுவார் ஈ-டைப்பை நேர் எதிரே நின்று பார்த்தால், அத்தனை நீளமான பானெட்டுக்கு வாய் மிகச் சிறியது என்று தோன்றும். 1961 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் அந்தக் கார் வெளிவந்தபோது மணிக்கு 150 மைல் ஓடும் என்பதுதான் அதைப் பற்றிய பெரிய பேச்சு. அதற்கு உருவம் கொடுத்த மால்கம் சேயர் விமானத் தொழிலிலிருந்து வந்தவர். முகத்தில் திறப்பு பெரிதாகப் பெரிதாகக் காற்று முட்டும், வேகம் குறையும் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே, ஓடும்போது இன்ஜினைக் குளிர்விக்க எவ்வளவு காற்று தேவையோ அந்த அளவுக்கு மட்டும் வாயைத் திறந்துவைத்தார். ஓடாதபோது என்ன ஆகும் என்பதை லண்டனிலும் நியூயார்க்கிலும் அந்தக் காரை வாங்கியவர்கள் கோடைக்காலச் சிக்னல்களில் தெரிந்துகொண்டார்கள்.

1968-இல் ஈ-டைப்பின் இரண்டாம் வரிசை வந்தது. வாயின் பரப்பு 68 சதவீதம் கூடியிருந்தது. ரேடியேட்டருக்கு ஒரு மின்சார ஃபேன் இருந்த இடத்தில் இப்போது இரண்டு. முதல் வரிசையில் எது போதவில்லை என்பதைத் தொழிற்சாலை வாயால் சொல்லாமல் தகட்டை வெட்டிச் சொன்னது என்றுதான் இதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் நெரிசலில் சூடாவதைப் பற்றி அறுபது ஆண்டுகளாகச் சொல்லப்படும் வைத்தியங்களைத் திரட்டினால் ஒரு சித்த வைத்தியச் சுவடியே தேறும். தெர்மோஸ்டாட்டைக் கழற்று, பெரிய ரேடியேட்டர் போடு, தண்ணீரில்லாத கூலன்ட் ஊற்று, டைமிங்கை மாற்று. ஒவ்வொன்றும் யாரோ ஒருவருக்குப் பலித்ததுதான். பலிக்காதவர்கள் கணக்கை யாரும் வைப்பதில்லை. என் பார்வையில் பிழை மருந்தில் இல்லை, நோய் இன்னதென்று தெரியும் முன்பே மருந்து வாங்குவதில் இருக்கிறது.

முதலில் சூட்டின் கணக்கு. பெட்ரோலில் இருக்கும் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வேலையாக மாறும். இன்னொரு பங்கு சைலன்சர் வழியே வெளியேறும், மீதி இன்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீருக்குள் இறங்கும். நான்கு லிட்டர் இன்ஜின் ஒன்று சும்மா நின்று ஓடும்போது மணிக்கு இரண்டு லிட்டர் பெட்ரோல் குடிப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீருக்குப் போனால்கூட சுமார் 6,000 வாட். வீட்டில் வாளிக்குள் போடும் 1,000 வாட் ஹீட்டர் கம்பி ஆறை ஒரே நேரத்தில் போட்டதற்குச் சமம். ஈ-டைப்பில் தண்ணீர் சுமார் 18 லிட்டர். ஒரு பொட்டுக் காற்றும் ரேடியேட்டரைத் தொடவில்லை என்றால் அந்தத் தண்ணீர் நிமிடத்துக்கு ஐந்து டிகிரி வரை ஏறும். இன்ஜினின் இரும்பு தன் பங்குக்குக் கொஞ்சம் வாங்கிக்கொள்வதால் நடைமுறையில் அத்தனை வேகம் இருக்காது. ஆனாலும் பத்து நிமிட நெரிசல் போதும்.

நெடுஞ்சாலையில் இதே இன்ஜின் இதைவிடப் பல மடங்கு சூட்டை உண்டாக்குகிறது, முள் மட்டும் நடுவிலேயே நிற்கிறது. காற்று தானாக வந்து மோதுவதுதான் காரணம். ஆக, நெரிசலில் சூடு அதிகமாவதில்லை, அதை அள்ளிக்கொண்டு போக ஆள் இல்லை. அத்துடன் வாட்டர் பம்பும் இன்ஜின் வேகத்தில்தான் சுற்றும். சிக்னலில் 700 சுற்றில் அது தண்ணீரைத் தள்ளுவது பேருக்குத்தான்.

இதிலிருந்து ஒரு கேள்வி பிறக்கிறது. எந்த மெக்கானிக்கும் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்: எப்போது சூடாகிறது? நிற்கும்போது ஏறி, ஓட ஆரம்பித்ததும் இறங்கிவிட்டால் குறை காற்றில் இருக்கிறது, அதாவது ஃபேன், அதன் கூடு, காற்று போகும் வழி. நேர்மாறாக, வேகமாக ஓடும்போதும் மேடேறும்போதும் ஏறினால் குறை தண்ணீரில். ரேடியேட்டர் அடைத்திருக்கலாம், பம்ப் தேய்ந்திருக்கலாம், கீழ் ஹோஸ் உறிஞ்சலில் சப்பிப் போகலாம். இரண்டு நேரத்திலும் ஏறினால் ஹெட் கேஸ்கெட் வரை சந்தேகப்பட வேண்டும். எரிந்த வாயு தண்ணீரில் கலக்கிறதா என்று பார்க்க ஒரு நீல நிறத் திரவம் இருக்கிறது, கலந்தால் மஞ்சளாகிவிடும். ஆயிரக்கணக்கில் ரேடியேட்டருக்குக் கொடுப்பதற்கு முன் செய்யவேண்டிய மலிவான சோதனை அது.

அடுத்தது, சூடு என்று எதைச் சொல்கிறோம்? தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்பது திறந்த பானைக்கு. ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைக்கிறது. அறுபதுகளின் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் இருந்த 7 பவுண்டு மூடியில் தண்ணீர் சுமார் 112 டிகிரி வரை கொதிக்காது. 15 பவுண்டு மூடியில் 121. பாதிக்குப் பாதி கிளைகால் கலந்த கூலன்டுக்கு அதற்கும் மேலே சில டிகிரி. ஆகவே 100-ஐத் தொட்டதும் காரை ஓரங்கட்டிக் கண்ணீர் விடுவது தேவையற்றது. ரப்பர் வளையம் காய்ந்துபோன மூடியோடு ஓட்டுபவருக்கு மட்டும் 100 என்பது நிஜமான எல்லை. காரிலேயே மலிவான பாகம் மூடிதான், கடைசியில் மாற்றப்படுவதும் அதுதான்.

இந்த விஷயத்தில் 1984-இல் வந்த நான்காம் தலைமுறை செவர்லே கார்வெட் நல்ல பாடம். எண்பதுகளின் அந்தக் கார்களில் தொழிற்சாலை வைத்த கணக்குப்படி மின்சார ஃபேன் சுற்ற ஆரம்பிப்பதே சுமார் 108 டிகிரியில். டிஜிட்டல் எண்ணாகக் கண்முன்னே 105, 106 என்று ஏறுவதைப் பார்த்த உரிமையாளர்கள் நடுங்கிப் போனார்கள். பழைய கார்கள் பலவற்றின் மீட்டரில் எண்ணுக்குப் பதில் வெறும் கோடுதான், அதனால் அந்தக் காலத்தவர்கள் நிம்மதியாக ஓட்டினார்கள். புகைச் சட்டங்களுக்காகவே கார்வெட்டின் இன்ஜினைத் தொழிற்சாலை சூடாக வைத்திருந்தது என்பது பலருக்குத் தெரியாது.

முள் பொய் சொல்லுவதும் உண்டு. ஈ-டைப் போன்ற கார்களில் இருந்த ஸ்மித்ஸ் மீட்டர்களுக்கு 12 வோல்ட் நேராகப் போகாது. டாஷ்போர்டுக்குப் பின்னால் தீப்பெட்டி அளவுள்ள ஒரு சீராக்கி அதை 10 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கும். அதன் எர்த் இற்றுப்போனால் வெப்ப முள் ஏறும். கூடவே பெட்ரோல் முள்ளும் ஏறும். டேங்கில் பெட்ரோல் தானாகப் பெருகுவதுபோல் தெரிந்தால் கொதிப்பது இன்ஜின் இல்லை. இன்ஃப்ராரெட் வெப்பமானி வைத்துச் சரிபார்க்கலாம். ஆனால் பளபளக்கும் உலோகத்தில் அது குறைத்துக் காட்டும். கறுப்பு டேப் ஒட்டி அதன்மேல் காட்டினால்தான் நம்பலாம்.

இனி தெர்மோஸ்டாட். நம் ஊரில் இந்தப் பேச்சை எடுத்தால் மூத்த மெக்கானிக் எவரும் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார்: "அந்த வால்வைத் தூக்கிக் கடாசுங்க சார்." குன்னூர் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில் பானெட்டைத் திறந்து, ஆவி பறக்க நின்ற அம்பாசடர்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறையின் ஞானம் அது. அம்பாசடரை இங்கே இழுப்பது வெறும் ஊர்ப்பாசத்தால் இல்லை. 1959 வாக்கில் அதற்கு வந்த 1489 சிசி இன்ஜின் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி-சீரிஸ். அதே 1489 சிசிதான் 1955-இல் எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காரில் வந்தது. அதுவே பெருத்து 1798 சிசியாகி 1962-இல் எம்ஜிபிக்குள் போனது. பொள்ளாச்சி டாக்ஸியும் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரும் பங்காளிகள்.

வால்வைக் கழற்றுவது சரியா? தெர்மோஸ்டாட் ஒரு கதவு. இன்ஜின் சூடானதும் முழுக்கத் திறந்துவிடும், அதன்பின் அது இருப்பதும் இல்லாததும் ஒன்று. குறைந்த வெப்பத்தில் திறக்கும் வால்வைப் போட்டாலும் கொதிப்பது சில நிமிடம் தள்ளிப்போகும், அவ்வளவே. திறக்காமல் சிக்கிக்கொண்ட வால்வைக் கழற்றினால் மட்டும் நிஜமான பலன் உண்டு. அந்த ஒரு அனுபவம் ஊருக்கெல்லாம் விதியாகிவிட்டது என்பது என் ஊகம்.

இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. இந்த ஆய்வில் என்னை அதிகம் நிறுத்திவைத்தது அதுதான். ஈ-டைப்பில் இருக்கும் ஜாகுவாரின் எக்ஸ்கே இன்ஜினில் தெர்மோஸ்டாட் கூட்டுக்குள் பைபாஸ் என்று ஒரு பக்கவழி உண்டு. இன்ஜின் குளிராக இருக்கும்போது தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் அந்தப் பக்கவழியாகவே சுற்றிச் சூடேறும். பழைய வால்வில் பாவாடை போல ஒரு வளையம் தொங்கும். வால்வு திறக்கும்போது அந்த வளையம் நகர்ந்து பக்கவழியை அடைக்கும், தண்ணீர் முழுவதும் ரேடியேட்டருக்குப் போகும். இன்று கடையில் கிடைக்கும் சாதாரண வால்வுகள் பலவற்றில் அந்தப் பாவாடை இல்லை. பாவாடையில்லாத வால்வைப் போட்டாலும், வால்வே இல்லாமல் விட்டாலும், பக்கவழி எந்நேரமும் திறந்தே கிடக்கும். குளிராத தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலே மீண்டும் இன்ஜினுக்குள் போகும். அதாவது, குளிர்விக்கக் கழற்றிய வால்வு காரைக் கூடுதலாகச் சூடாக்கும்.

கடலுக்கு அந்தப் பக்கமும் இதே கதை. 1971 முதல் அமெரிக்காவில் விற்ற டி டோமாசோ பன்டேரா இத்தாலியில் செய்த கார், இன்ஜின் மட்டும் ஃபோர்டின் 351 க்ளீவ்லேண்ட். அந்த இன்ஜினில் வால்வுக்குக் கீழே ஒரு பித்தளைத் தட்டு, அதன் பைபாஸ் துளையை அடைக்கத் தொப்பி வைத்த தனி வால்வு. ஃபோர்டின் இன்னொரு வி8 இன்ஜினான விண்ட்சரின் தொப்பியில்லாத வால்வும் அதே இடத்தில் பொருந்திவிடும். பொருந்துகிறதே என்று போட்டுவிட்டு, சூடாகிறதே என்று தலையில் கைவைத்தவர்கள் நிறையப் பேர். பன்டேராவுக்கு வேறு தலைவலியும் இருந்தது: இன்ஜின் நடுவில், ரேடியேட்டர் மூக்கில், இடையே காரின் நீளத்துக்குக் குழாய்கள். காற்றுக் குமிழி எங்காவது தங்கிவிட்டால் நல்ல பம்பும் தோற்கும்.

இப்போது காற்றுக்கு வருகிறேன். நெரிசலில் மட்டும் சூடாகும் காரில் பத்துக்கு எட்டு முறை விடை இங்கேதான் இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். முதல் வரிசை ஈ-டைப்பின் ஃபேன் சுமார் 80 டிகிரியில் தானே சுற்ற ஆரம்பிக்க வேண்டும். ஆனால் ஐம்பது அறுபது ஆண்டுப் பழைய வயரும் கறுத்த ஸ்விட்சும் வோல்ட்டை வழியிலேயே தின்றுவிடுகின்றன, மோட்டாருக்குப் போவது எச்சம். தொடக்ககால 3.8 லிட்டர் ஈ-டைப்களில் இருந்தது டைனமோ, ஆல்டர்னேட்டர் இல்லை. ஐட்லிங்கில் டைனமோ கிட்டத்தட்ட எதுவும் தராது. ஃபேனுக்கு மின்சாரம் உயிர்போகிற அவசரமாகத் தேவைப்படும் அதே நேரத்தில் கையை விரிக்கும் சாதனம் அது. பேட்டரியிலிருந்து தடித்த வயரில் ஒரு ரிலே வழியாக நேரே கொடுத்தால், புதிய ஃபேன் வாங்காமலே பழைய ஃபேன் புத்துயிர் பெறும். இதைச் செய்துபார்க்காமல் ரேடியேட்டர் விலை விசாரிக்கக்கூடாது.

இன்னொரு வேடிக்கை. அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் எர்த். ரேடியோ பொருத்தவும் ஆல்டர்னேட்டர் மாட்டவும் பலர் அதை நெகட்டிவ் எர்த்தாக மாற்றிவிடுகிறார்கள். நிரந்தரக் காந்தம் வைத்த மோட்டார் அப்போது தலைகீழாகச் சுற்றும். காற்றை உள்ளே இழுக்க வேண்டிய ஃபேன் முன்னால் ஊதும். ஓடும்போது எதிர்காற்றோடு சண்டை, நின்றால் சூடான காற்றையே சுழற்றல். ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு தாளைப் பிடித்தால் போதும், அது ஒட்டிக்கொள்கிறதா பறக்கிறதா என்று தெரிந்துவிடும்.

ஃபேனைச் சுற்றிக் கூடு இல்லையென்றால் இறக்கையின் வட்டத்துக்குள் வரும் பரப்பு வழியாக மட்டுமே காற்று போகும். ரேடியேட்டரின் நான்கு மூலையும் சும்மா இருக்கும். ரேடியேட்டருக்கும் பாடிக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் அதைவிட மோசம். கார் நிற்கும்போது இன்ஜின் பக்கத்துச் சூடான காற்று அந்த இடுக்கு வழியே முன்னால் வந்து மறுபடி ரேடியேட்டருக்குள்ளேயே புகும். தொழிற்சாலை ஒட்டியிருந்த ஸ்பாஞ்சுப் பட்டைகள் உதிர்ந்து எத்தனை ஆண்டோ ஆகியிருக்கும். மெருகேற்றி, குரோம் பூசி, பரிசு வாங்கிய கார்களில்கூட இந்தப் பட்டைகள் இருப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாததற்கு யார் மதிப்பெண் போடுகிறார்கள்?

ஏசி பொருத்திய கார்களில் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் நின்றுகொண்டு காற்றை முன்கூட்டியே சுடவைத்து அனுப்பும். முன்பு சொன்ன கார்வெட் மூக்கின் அடியிலிருந்து காற்றை உறிஞ்சும் கார். சாலையின் சருகும் பிளாஸ்டிக் தாளும் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே போய்ப் படுத்துக்கொள்ளும். இரண்டு பக்கமிருந்து பார்த்தாலும் சுத்தமாகத் தெரியும், பிரித்தால் ஒரு கூடைக் குப்பை.

ரேடியேட்டர் இல்லாத கார் தப்பித்ததா? 1963-இல் வந்து 1998 வரை காற்றாலேயே குளிர்ந்த போர்ஷே 911-க்கு இன்ஜின் மேலேயே பெல்ட்டில் சுற்றும் ஃபேன். தண்ணீர் இல்லை, கொதிக்க எதுவும் இல்லை என்று பெருமை பேசலாம். ஆனால் சூட்டில் கணிசமான பங்கைச் சுமப்பது எண்ணெய். இன்ஜின் வலுக்க வலுக்க அதற்கென்று முன் வலது மட்கார்டுக்குள் ஒரு குளிர்விப்பானை வைத்தார்கள். அதற்குக் காற்று கொடுப்பது எது? காரின் ஓட்டம்தான். நெரிசலில் எண்ணெய் முள் மெதுவாக, ஆனால் விடாமல் ஏறும். கடைசியில் அதற்கும் ஒரு மின்சார ஃபேன் வைக்க வேண்டியதாயிற்று.

டைமிங் பற்றி ஒரு வார்த்தை. 1968-க்குப் பின் அமெரிக்காவுக்குப் போன கார்களில் புகைச் சட்டத்துக்காக ஐட்லிங்கில் தீப்பொறியைத் தாமதப்படுத்தினார்கள். தாமதமாக எரியும் வாயு வேலை செய்து முடிக்காமலே சூட்டோடு வெளியேறும், போகிற வழியில் சிலிண்டர் ஹெட்டைச் சுடும். தயாரிப்பாளர்களுக்கே இது தெரிந்திருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள் பலவற்றில் தண்ணீர் மிகவும் சூடானால் தீப்பொறியை முன்தள்ளும் ஒரு வெப்ப வால்வு வைத்திருந்தார்கள். அந்த வால்வு செத்து, அதன் ரப்பர் குழாய்கள் எங்கெங்கோ மாட்டப்பட்டு, காரணம் தெரியாமல் சூடாகும் கார்கள் இன்றும் உண்டு.

தண்ணீர் விஷயத்தில் எனக்குப் பழைமைவாதம்தான். சூட்டைச் சுமப்பதில் வெறும் தண்ணீருக்கு நிகரில்லை. பாதி கிளைகால் கலந்தால் அந்தத் திறன் பத்து சதவீதத்துக்கும் மேல் குறையும். பனி உறையாத ஊரில் ஓடும் காருக்குக் காய்ச்சி வடித்த தண்ணீரும் துருத்தடுப்பு மருந்தும் போதும். தண்ணீரில்லாத கூலன்ட் 180 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும் என்பது உண்மை. ஆனால் அது குளிர்விக்கும் மருந்து இல்லை, சூட்டைப் பொறுத்துக்கொள்ளும் மருந்து. கூலன்ட் கொதிக்காது, இரும்பு கூடுதலாகச் சூடாகும். எதை ஊற்றினாலும் பழைய எக்ஸ்கே இன்ஜினின் பின் சிலிண்டர்களைச் சுற்றி அரை நூற்றாண்டுத் துருச்சேறு படிந்திருந்தால் பயன் கிடையாது. பக்கவாட்டு அடைப்புத் தகடுகளைத் தட்டி எடுத்துக் கம்பியால் கிண்டித்தான் அதை வெளியே கொண்டுவர வேண்டும்.

பிறவிக் குறையும் உண்டு என்பதை மறைக்கக்கூடாது. 1970 முதல் 1977 வரை வந்த ட்ரையம்ஃப் ஸ்டாகின் வி8 இன்ஜினில் வாட்டர் பம்பை உச்சியில் வைத்தார்கள். தண்ணீர் கொஞ்சம் குறைந்தாலும் முதலில் வறண்டுபோவது பம்ப்தான்.

நெரிசலில் வண்டி இருமி நின்றுவிட்டால் அதை ஓவர்ஹீட் என்று எழுதிவிடுவதும் வழக்கம். பல சமயம் கொதிப்பது தண்ணீர் இல்லை, பெட்ரோல். எம்ஜிபியில் கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கம், ஒன்றின்மேல் ஒன்று. பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோலில் பத்து சதவீதம் வரை எத்தனால். எத்தனால் 78 டிகிரியில் கொதிக்கும். இதற்கு மருந்து ரேடியேட்டரில் இல்லை. கார்புரேட்டருக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் நடுவே ஒரு தகடு, பெட்ரோல் குழாய்க்கு ஒரு உறை, அவ்வளவு.

நெரிசலின் நடுவே முள் ஏறும்போது செய்யக்கூடியவை சில. ஹீட்டரை முழு வீச்சில் திறந்து கண்ணாடிகளை இறக்கினால் அது ஒரு குட்டி ரேடியேட்டர். வியர்க்கும், ஆனால் முள் இறங்கும். நியூட்ரலில் 1,500 சுற்றுக்கு ஏற்றினால் பம்பும், பெல்ட்டில் சுற்றும் ஃபேனாக இருந்தால் அதுவும் விழித்துக்கொள்ளும். அதற்கும் மசியவில்லை என்றால் ஓரங்கட்டி அணைத்துவிட வேண்டும். அணைத்ததும் பம்ப் நின்றுவிடுவதால் முள் இன்னும் கொஞ்சம் ஏறித்தான் இறங்கும், அதைப் பார்த்துப் பதறக்கூடாது. மூடியில் கைவைக்கவே கூடாது. அழுத்தத்தில் 110 டிகிரியில் இருக்கும் தண்ணீர் மூடி திறந்த கணத்தில் ஆவியாகி முகத்தில் அடிக்கும். சூடான இன்ஜினுக்குள் பச்சைத்தண்ணீர் ஊற்றினால் அலுமினியம் ஹெட் வளைந்துபோகலாம். அந்தச் செலவோடு ஒப்பிட்டால் அரைமணி நேரம் நிழலில் நிற்பது இலவசம்.

ஈ-டைப்களின் இன்றைய சந்தையைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. வாயைப் பெரிதாக்கி, இரண்டு ஃபேன் வைத்து, நெரிசலைத் தாங்கும்படி தொழிற்சாலையே திருத்திக் கொடுத்த இரண்டாம் வரிசைக்கு விலை குறைவு. சின்ன வாய் வைத்த முதல் வரிசைக்குத்தான் கூட்டம். அதை வாங்குபவர்கள் வாயில் கைவைக்க மாட்டார்கள். அதற்குப் பின்னால், யார் கண்ணுக்கும் படாத இடத்தில், புதிய ஃபேனும் கூடும் ரிலேயும் ஸ்பாஞ்சுப் பட்டையும் வைத்து மூடிவிடுகிறார்கள்.